‘ஆண்களுக்கு ஊரடங்கு போடுங்கள்!’

1977-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரப் பெண்களுக்கு போலீஸார் சொன்ன புத்தி இதுதான்: இருட்டிய பிறகு வெளியே வராதீர்கள், வந்தே ஆக வேண்டுமென்றால் துணையோடு வாருங்கள்.

காரணம், தொடர் கொலைகள். 1975 அக்டோபரில் நான்கு குழந்தைகளின் தாய் ஒருவர் கொல்லப்பட்டார். அடுத்தடுத்துப் பெண்கள் பிணமாகக் கிடந்தார்கள். பாலியல் தொழிலாளிகள்தானே சாகிறார்கள் என்று ஊர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. 1977 ஜூனில், கடையில் வேலை பார்த்த 16 வயதுப் பெண் கொல்லப்பட்ட பிறகுதான், ‘அப்பாவிப் பெண்’ என்று பத்திரிகைகள் பதறின. அப்படியானால் அதுவரை செத்தவர்கள் செய்த குற்றம் என்ன?

இந்தக் கேள்வி பெண்ணியக் குழுக்களைத் தெருவுக்கு இழுத்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 30 அன்று மேற்கு ஜெர்மனியில் பெண்கள் நடத்திய இரவு ஊர்வலங்கள் அவர்களுக்கு வழிகாட்டின. நவம்பர் 12, 1977. லீட்ஸ், லண்டன், மான்செஸ்டர், பிரிஸ்டல் எனப் பல நகரங்களில் ஒரே இரவில் பெண்கள் திரண்டு நடந்தார்கள். ‘இரவை மீட்போம்’ என்பது ஊர்வலத்தின் பெயர். ‘கொல்கிறவன் ஆண். ஊரடங்கை ஆண்களுக்குப் போடுங்கள்’ என்பது கோரிக்கை. இதைவிட நியாயமான கோரிக்கை எது?

போலீஸ் காதில் அது ஏறவில்லை. 1980 நவம்பர் 17. லீட்ஸ் பல்கலைக்கழக மாணவி, வயது 20. பாதுகாப்பு என்று நம்பித்தான் மாணவர் விடுதிக்குக் குடிவந்திருந்தார். இரவு ஒன்பது மணிக்கு மேல் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தார். விடுதி கூப்பிடு தூரம்தான். போய்ச் சேரவில்லை. சில நாட்களில் நூற்றுக்கணக்கான பெண்கள் கொதித்துத் தெருவில் இறங்கினார்கள்.

1981 ஜனவரியில் பிடிபட்ட லாரி டிரைவர் பீட்டர் சட்கிளிஃப், இவை உட்பட 13 கொலைகளுக்குத் தண்டனை பெற்றான். போலீஸார் அவனை அதற்கு முன்பே 9 முறை விசாரித்து அனுப்பியிருந்தார்கள்!

இந்த ஊர்வலங்களை பிரிட்டனில் பல மாணவர் சங்கங்கள் இன்றும் நடத்துகின்றன. அமெரிக்கக் கல்லூரிகளில் ஊர்வலம் முடிந்ததும் மைக்கை நடுவில் வைத்துவிடுவார்கள். பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்டவர்கள் விரும்பினால் வந்து பேசலாம். என்ன உடுத்தியிருந்தாய், ஏன் தனியாகப் போனாய் என்று குறுக்குக் கேள்வி கேட்க அங்கே யாரும் இல்லை.

கொல்லப்பட்ட பெண்களைப் பற்றி அன்று பேசிய விதத்துக்காக, லீட்ஸ் அடங்கிய மேற்கு யார்க்‌ஷயர் போலீஸ் மன்னிப்புக் கேட்டது, 2020-ல். 43 ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தவறைத் தெருவில் நின்று சொன்னவர்கள், வீட்டுக்குள் இருக்கச் சொல்லப்பட்ட பெண்கள்.