இல்லாத நகரத்தை வரைவது எப்படி? ஃபேன் ஆர்ட் போட்டால் கேஸ் வருமா? முழு விளக்கம்

ஒரே ஒரு பென்சில் ஓவியம். அதனால் ஒரு ஹாலிவுட் படத்துக்கே நீதிமன்றத்தில் தடை வந்தது தெரியுமா?

1995-ம் ஆண்டின் கடைசியில் திரைக்கு வந்த படம் 'ட்வெல்வ் மங்கீஸ்'. டெர்ரி கில்லியம் இயக்கம், ப்ரூஸ் வில்லிஸ் ஹீரோ. அதில் ஒரு விசாரணை அறை வரும். கைதியை ஒரு நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அந்த நாற்காலி சுவரில் பதித்த தண்டவாளம் போன்ற கம்பியில் மேலே ஏறும். எதிரில் ஒரு பெரிய உருண்டை தொங்கும்.

அந்த அறையைப் பார்த்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லெபியஸ் வுட்ஸ், 'இது நான் 1987-ல் வரைந்தது ஆச்சே' என்று வழக்குப் போட்டார். 1996 மார்ச்சில் நியூயார்க் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்தக் காட்சியோடு படத்தைத் திரையிடக் கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தது.

சயின்ஸ் ஃபிக்‌ஷன் நகரங்களை ஸ்கெட்ச் நோட்டில் வரைபவர்கள், பிடித்த படத்துக்கு ஃபேன் ஆர்ட் போடுபவர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வழக்கு இது. இந்தக் கலை எங்கிருந்து வந்தது, எப்படி வரைவது, சட்டம் எங்கே குறுக்கே வரும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கட்டவே முடியாத கட்டடத்தை ஏன் வரைய வேண்டும்?

சினிமாவுக்கு முன்பே இந்தப் பழக்கம் உண்டு. 1784-ல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் எத்தியன்-லூயி புல்லே, விஞ்ஞானி நியூட்டனுக்காக ஒரு நினைவிடத்தை வரைந்தார். சுமார் 150 மீட்டர் உயர ராட்சத உருண்டை அது. அன்றைய தொழில்நுட்பத்தில் அதைக் கட்ட வழியே இல்லை. இன்றும் அது காகிதத்தில்தான் இருக்கிறது.

1914-ல் இத்தாலியின் அன்டோனியோ சான்ட் எலியா 'புதிய நகரம்' என்ற ஓவிய வரிசையை மிலன் நகரில் காட்சிக்கு வைத்தார். படிப்படியாக உள்வாங்கும் அடுக்குமாடிகள், கட்டடத்துக்கு வெளியே தனிக் கோபுரமாக நிற்கும் லிஃப்ட், கீழே பல அடுக்காக ஓடும் சாலையும் ரயிலும். இரண்டே ஆண்டுகளில், முதல் உலகப் போர்க் களத்தில் அவர் இறந்துபோனார். வயது 28. அவர் வரைந்த அந்த நகரத்தை யாரும் கட்டவில்லை. ஆனால் எதிர்கால நகரம் என்றதும் நம் மனதில் வரும் படத்தில் அவருடைய பங்கு பெரியது.

அமெரிக்காவின் ஹியூ ஃபெரிஸ் கதை இன்னும் சுவாரசியம். 1916-ல் நியூயார்க்கில் ஒரு கட்டட விதி வந்தது. தெருவுக்கு வெளிச்சம் கிடைக்க, கட்டடம் உயர உயர உள்வாங்கிக்கொண்டே போக வேண்டும் என்றது அந்த விதி. 'இந்த விதிப்படி கட்டினால் ஊர் எப்படி இருக்கும்?' என்று கரித்துண்டை வைத்து வரைந்து காட்டியவர் ஃபெரிஸ். 1929-ல் 'நாளைய மாநகரம்' பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. அந்த இருண்ட, மலை போன்ற கோபுரங்களின் சாயலை இன்றும் காமிக்ஸ் நகரங்களில் பார்க்கலாம்.

சினிமாவுக்குள் எப்படி வந்தது?

1927-ல் வெளியான ஜெர்மன் மௌனப் படம் 'மெட்ரோபொலிஸ்'. இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங். நியூயார்க்கின் உயர்ந்த கட்டடங்களை நேரில் பார்த்த பிரமிப்புதான் இந்தப் படத்துக்கு விதை என்று அவரே சொன்னதுண்டு. பணக்காரர்கள் மேலே, தொழிலாளர்கள் பூமிக்கு அடியில். கட்டட அமைப்பே கதையைச் சொல்லிவிடும்.

அடுத்த பெரிய பெயர் ரால்ஃப் மெக்குவாரி. போயிங் விமான நிறுவனத்தில் டெக்னிக்கல் ஓவியராக இருந்தவர். 1975-ல் ஜார்ஜ் லூகாஸ் இவரிடம் 'ஸ்டார் வார்ஸ்' கதைக்காகச் சில காட்சிகளை வரையச் சொன்னார். வார்த்தையில் புரியாத கதையை, ஸ்டுடியோ அதிகாரிகளுக்குப் புரியவைத்தவை அந்த ஓவியங்கள். படத்தில் வரும் தங்க நிற ரோபோ சி-3பிஓ-வுக்கு, 'மெட்ரோபொலிஸ்' படத்தின் ரோபோ ஒரு முன்மாதிரி.

மூன்றாவது ஆள் சிட் மீட். ஃபோர்டு கார் நிறுவனத்தில் டிசைனராக இருந்தவர். ரிட்லி ஸ்காட்டின் 'பிளேடு ரன்னர்' (1982) படத்துக்கு இவரை அழைத்தது வண்டிகளை வரையத்தான். இவரோ வண்டிக்குப் பின்னால் தெருவையும் கட்டடத்தையும் மழையையும் சேர்த்து வரைந்து கொடுத்தார். பார்த்த இயக்குநர், நகரத்தையே இவரிடம் ஒப்படைத்துவிட்டார். அந்தப் படத்தின் கதை நடப்பது 2019 நவம்பரில். சிட் மீட் காலமானது 2019 டிசம்பர் 30. தான் வரைந்த எதிர்காலத்தை அவர் உயிரோடு கடந்து போனார்.

சரி, நாம் எப்படி ஆரம்பிப்பது?

ஐபேட், விலை உயர்ந்த மென்பொருள் எல்லாம் ஆரம்பத்தில் தேவையே இல்லை. ஏ4 தாள், ஹெச்பி, 2பி, 4பி பென்சில், ஒரு நீள ஸ்கேல் போதும். கம்ப்யூட்டரில்தான் வரைவேன் என்றால் கிரிட்டா, பிளெண்டர் இரண்டும் இலவசம்.

1. முதலில் ஒரு கேள்வி: இங்கே யார் வாழ்கிறார்கள், என்ன பிரச்சினை? 'கடல் மட்டம் ஏறிவிட்டது, முதல் மூன்று மாடி தண்ணீருக்குள்' என்று ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். படகுத்துறை எங்கே, குடிதண்ணீர்த் தொட்டி எங்கே, மாடிக்கு மாடி பாலம் எப்படி என்பதெல்லாம் அந்த வரியிலிருந்து தானாக வரும். இந்த வரி இல்லாமல் வரைந்தால், பளபளக்கும் கோபுரம் மட்டும்தான் கிடைக்கும்.

2. தீப்பெட்டி அளவு ஸ்கெட்ச்: நேரடியாகப் பெரிய தாளில் இறங்க வேண்டாம். தீப்பெட்டி அளவில் பத்துக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்தில் முடியுங்கள். உள்ளே விவரம் வேண்டாம், வெளி வடிவம் மட்டும் போதும். தூரத்தில் வைத்துப் பார்த்தாலும் அடையாளம் தெரிகிற கட்டம்தான் நல்ல கட்டம்.

3. அடிவானக் கோடு: இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பார்ப்பவரின் கண் இருக்கும் உயரமே அடிவானக் கோடு. சமதளத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்றால், உங்கள் உயரமுள்ள எல்லோருடைய கண்ணும், அவர் பக்கத்தில் இருந்தாலும் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், இந்தக் கோட்டில்தான் வரும். இதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

4. மறையும் புள்ளி: தண்டவாளம் தூரத்தில் ஒரே புள்ளியில் சேர்வது போலத் தெரியும் இல்லையா? அதுதான் மறையும் புள்ளி. நேராகத் தெருவைப் பார்த்தால் ஒரு புள்ளி. கட்டடத்தின் மூலையைப் பார்த்தால் இரண்டு புள்ளி. வானுயரக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் மூன்றாவது புள்ளி வானத்தில் வரும். புதிதாக வரைபவர்கள் செய்யும் பெரிய தப்பு, இரண்டு புள்ளிகளையும் தாளுக்குள்ளேயே நெருக்கி வைப்பது. கட்டடம் கோணல்மாணலாகிவிடும். தாளை மேசையில் டேப் போட்டு ஒட்டி, புள்ளிகளைத் தாளுக்கு வெளியே, மேசையின் மேல் தள்ளி வையுங்கள்.

5. அளவு காட்டும் பொருள்: கட்டடம் எவ்வளவு பெரியது என்பது தானாகத் தெரியாது. ஒரு கதவு, ஒரு கைப்பிடிச் சுவர், நான்கு படிக்கட்டு, குடை பிடித்த ஒரு ஆள் ஆகியவற்றை வரைந்த பிறகுதான் தெரியும். 300 மாடி என்று எழுதிக் காட்டுவதைவிட, ஒரு சின்ன ஜன்னல் அதிகம் சொல்லும்.

6. பழசும் புதுசும்: 'பிளேடு ரன்னர்' நகரம் நம்பும்படி இருப்பதற்கு ஒரு காரணம், அதில் எல்லாமே புதுசு கிடையாது. பழைய கட்டடத்தின் மேல் குழாய், ஒயர், காற்றுப் போக்கி என்று ஒட்டுப்போட்டுக்கொண்டே போயிருப்பார்கள். படப்பிடிப்பு நடந்த இடங்களில் ஒன்றான லாஸ் ஏஞ்சல்ஸின் பிராட்பரி கட்டடம் 1893-ல் திறக்கப்பட்டது. நீங்களும் உங்கள் தெருவில் உள்ள ஒரு பழைய தண்ணீர்த் தொட்டியை வரைந்து, அதற்கு மேல் நூறு வருடத்தைக் கூட்டிப் பாருங்கள்.

7. தூரம்: பக்கத்தில் இருப்பது அடர்த்தி, தள்ளி இருப்பது வெளிறல். பின்னணிக் கோபுரங்களுக்கு ஹெச்பி, முன்னால் இருப்பதற்கு 4பி. இந்த ஒரு வேறுபாடே தாளில் காற்றையும் புழுதியையும் கொண்டுவந்துவிடும்.

ஃபேன் ஆர்ட் என்றால் காப்பியா?

காப்பி என்று ஒதுக்கிவிட முடியாது. அறிவியல் புனைகதை உலகின் பெரிய விருதான ஹியூகோ, 1967-லிருந்தே ரசிக ஓவியர்களுக்கு என்று தனிப் பிரிவு வைத்திருக்கிறது. அதே நேரம், 'ரசிகன்தானே, என்ன வேண்டுமானாலும் செய்யலாம்' என்பதும் தப்பு.

இந்தியாவின் காப்புரிமைச் சட்டம் 1957 சொல்வது சுருக்கமாக இதுதான்:

• ஐடியாவுக்கு உரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உரிமை. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'தண்ணீரில் மூழ்கிய நகரம்' யாருக்கும் சொந்தமில்லை. ஒருவர் வரைந்த குறிப்பிட்ட மூழ்கிய நகரம் அவருக்குச் சொந்தம்.

• சொந்த உபயோகத்துக்கும், ஒரு படைப்பைப் பற்றிய விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த 52-வது பிரிவு இடம் தருகிறது. நோட்டில் வரைந்து பழகுவது வேறு, டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்பது வேறு.

• நிஜக் கட்டடத்தைப் பார்த்து வரைந்து வெளியிடலாம், அது மீறல் ஆகாது. ஆனால் ஒரு படத்துக்காக வரையப்பட்ட கற்பனைக் கோபுரத்தின் ஓவியம் தனிக் கலைப்படைப்பு. அதற்கும் இதே சலுகை உண்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

• காகிதத்தில் இருக்கும் ஓவியத்தை 3டி மாடலாக மாற்றும் உரிமையும் ஓவியருக்கே. 'நான் அப்படியே வரையலை, மாடல்தான் செஞ்சேன்' என்ற பதில் எடுபடாது.

• தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

நம் ஓவியத்தை யாராவது எடுத்துக்கொண்டால்?

இங்கேதான் லெபியஸ் வுட்ஸ் வழக்கு நமக்கு முக்கியம். '130 நிமிடப் படத்தில் அந்தக் காட்சி 5 நிமிடம்கூட இல்லையே' என்பது ஸ்டுடியோ தரப்பு வாதம். நீதிபதி ஏற்கவில்லை. எவ்வளவு எடுக்காமல் விட்டேன் என்று காட்டி, எடுத்ததை நியாயப்படுத்த முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். வுட்ஸின் ஓவியம் இருந்த புத்தகத்தைத் தான் பார்த்ததாக இயக்குநரும் ஒப்புக்கொண்டிருந்தார். பிறகு இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அந்தக் காட்சி படத்தில் நீடித்தது.

யோசித்துப் பாருங்கள். வுட்ஸ் வாழ்நாள் முழுக்க வரைந்துகொண்டே இருந்தவர். நிரந்தரமாகக் கட்டப்பட்ட அவருடைய படைப்பு என்று சொல்ல, சீனாவின் செங்டு நகரில் இன்னொரு கலைஞரோடு சேர்ந்து உருவாக்கிய ஒளி மண்டபம் ஒன்றுதான் உண்டு. அதுவும் அவர் இறந்த 2012-ம் ஆண்டில்தான் முடிந்தது. மற்றபடி அவருடைய கட்டடங்கள் எல்லாம் காகிதம்தான். அந்தக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டால் மிச்சம் என்ன?

எனவே, நீங்கள் செய்ய வேண்டியவை:

• ஓவியம் வரைந்த நொடியிலேயே உரிமை உங்களுடையது. பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் தகராறு வந்தால் பதிவு கைகொடுக்கும்.

• முதல் கிறுக்கலிலிருந்து கடைசி ஓவியம் வரை எல்லாவற்றையும் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். லேயரோடு உள்ள ஒரிஜினல் ஃபைலை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

• காசு வாங்கிக்கொண்டு ஒருவருக்கு ஓவியம் வரைந்து கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் முதல் உரிமை அவருக்கே போய்விடலாம். இரண்டு வரியாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

• உரிமையை விற்றுவிட்டாலும், 'இது என் படைப்பு' என்று பெயர் கோரும் உரிமை 57-வது பிரிவின்படி உங்களிடமே இருக்கும்.

• மற்றவர் உலகத்தை வரைந்தால், எந்தப் படம், யாருடைய டிசைன் என்று பதிவிலேயே சொல்லிவிடுங்கள். அது நாகரிகம். ஆனால் பெயர் போட்டதாலேயே அனுமதி கிடைத்ததாக ஆகிவிடாது.

இதை வேலையாக ஆக்க முடியுமா?

முடியும். சினிமா, வெப் சீரிஸ், வீடியோ கேம் எல்லாவற்றிலும் கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட் வேலை இருக்கிறது. பி.ஆர்க் படிப்புக்கான 'நாட்டா' நுழைவுத் தேர்விலும் வரைதலுக்குத் தனிப் பகுதி உண்டு. வேலை கேட்டுப் போகும்போது ஃபேன் ஆர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். கை எவ்வளவு பழகியிருக்கிறது என்பதை அது காட்டும். நீங்கள் என்ன யோசிப்பீர்கள் என்பதைச் சொந்த நகரம்தான் காட்டும்.

கட்டடக் கலைஞர் ஜஹா ஹதீத் 1983-ல் ஹாங்காங்கில் ஒரு போட்டியை வென்றார். அந்தக் கட்டடம் எழும்பவே இல்லை. 'காகிதத்தில் மட்டும் கட்டுபவர்' என்ற பேச்சும் கூடவே வந்தது. பத்து ஆண்டு கழித்து, 1993-ல், ஜெர்மனியில் ஒரு தீயணைப்பு நிலையம் அவருடைய கோடுகளின்படியே எழுந்தது. 2004-ல், கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

இன்று ராத்திரி தீப்பெட்டி அளவில் பத்துக் கட்டம் போட்டுப் பாருங்கள். ஓரத்தில் தேதி போட மறக்காதீர்கள்.