மருத்துவர் அவையில் நோயாளி: பிரிட்டன் மூட்டுவாதத் தொண்டமைப்புகள், 1936–2018

பிரிட்டனில் மூட்டுவாதத்துக்கான தொண்டு இரு தனி வழிகளில் வளர்ந்தது. ஒன்று மருத்துவர்கள் தொடங்கியது. மற்றொன்று நோயாளி தொடங்கியது. 2017இல் இரண்டும் இணைந்ததையே திருப்பமாகக் கொள்வது எளிது. ஆனால் நோயாளியின் நிலை அதற்கு வெகு முன்பே மாறத் தொடங்கிவிட்டது என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதல் வழி 1936இல் அமைந்த எம்பயர் ருமாட்டிசம் கவுன்சில். மருத்துவர் கோப்மன் அதன் உந்துசக்தி; தலைமைக்கு ஹார்டர் பிரபு. ஆய்வுக்குப் பணம் திரட்டுவதே அதன் வேலை. முடக்குவாதத்துக்குத் தங்க ஊசி பயன்படுமா என்று பல மருத்துவமனைகளில் ஒரே நேரத்தில் சோதித்து, 1960இல் முடிவை வெளியிட்டது. அந்த ஏற்பாட்டில் நோயாளிக்கு இருந்த இடம் சோதனைக்கு உட்படுவது மட்டுமே. இதைக் குறையாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோக முடியாது. 1966இல் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் திறந்த கென்னடி நிறுவனம் இவ்வழியில் வந்ததுதான். அங்கு பணியாற்றிய ஆய்வாளர்கள் மைனியும் ஃபெல்ட்மனும், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்தை 1992இல் முதன்முதலாக முடக்குவாத நோயாளிகளுக்குச் செலுத்தினார்கள். முடக்குவாத சிகிச்சையின் போக்கே மாறியது.

இரண்டாம் வழி 1947இல் பிறந்தது. முதுகெலும்பு இறுகிப்போகும் வாதநோய் கொண்ட ஆர்தர் மெய்ன்வாரிங் போவன் என்ற இளைஞர், தம்மைப் போன்றவர்களைக் கூட்டிச் சங்கம் தொடங்கினார். பின்னாளில் அது ஆர்த்ரைட்டிஸ் கேர் ஆனது. அதற்கு ஆய்வகம் இல்லை, கிளைகள் இருந்தன.

இந்தச் சங்கம் 1990களில் கையிலெடுத்த பயிற்சி சற்று நின்று பார்க்கத் தக்கது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கேட் லோரிக் 1970களின் இறுதியில் உருவாக்கியது அது. ஆறு வாரம், வாரம் ஒரு வகுப்பு. நடத்துபவரும் பெரும்பாலும் மூட்டுவாதக்காரரே. வகுப்பு முடியும்போது ஒவ்வொருவரும் அடுத்த வாரத்துக்கு ஒரு செயலைச் சொல்ல வேண்டும்: என்ன, எவ்வளவு, எந்த நேரம், வாரத்தில் எத்தனை நாள். பிறகு ஒரு கேள்வி வரும்: இதைச் செய்து முடிப்பீர்கள் என்ற நம்பிக்கைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்? ஏழுக்குக் குறைந்தால் திட்டத்தைச் சுருக்கிவிடுவார்கள். தெருமுனை வரை நடப்பது வீட்டு வாசல் வரை என்றாகும். பயன் எங்கிருந்து வருகிறது என்று லோரிக் தேடியபோது, உடற்பயிற்சியின் அளவைவிட ‘என்னால் முடியும்’ என்ற எண்ணத்தோடுதான் நெருங்கிய தொடர்பு தெரிந்தது.

2001இல் பிரிட்டன் அரசு, நாட்பட்ட நோயாளிகள் தம் நோயைத் தாமே கையாளப் பயிற்சி தரும் ‘நிபுணர் நோயாளி’ கொள்கையை அறிவித்தபோது இதே மாதிரியைத்தான் தழுவியது. ஆனால் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு கொண்ட 812 பேரிடம் இப்பயிற்சியைச் சோதித்த 2006ஆம் ஆண்டு ஆய்வு உற்சாகத்தைத் தணித்தது: பதற்றம் குறைந்தது, தன்னம்பிக்கை கூடியது, வலியோ மருத்துவரை நாடுவதோ குறிப்பிடும்படி குறையவில்லை. அரசு எதிர்பார்த்தது ஒன்று, வகுப்பு தந்தது வேறொன்று என்றே இதைப் படிக்கிறேன்.

இதே காலத்தில் மருத்துவர்களின் அவையிலும் ஒரு கதவு திறந்தது. வாதநோய்ச் சோதனைகளில் எதை அளப்பது என்று முடிவெடுக்கும் பன்னாட்டுக் குழு ஓமெராக்ட். 2002இல் ஆஸ்திரேலியாவில் நடந்த அதன் கூட்டத்துக்கு முதன்முறையாக நோயாளிகள் அழைக்கப்பட்டார்கள். வீங்கிய மூட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவர்களிடம் அவர்கள் சொன்னது அயர்ச்சியைப் பற்றி: தூங்கி எழுந்தாலும் தீராத, நாளையே விழுங்கும் அயர்ச்சி. அது அதுவரை அடிப்படை அளவைகளின் பட்டியலிலேயே இல்லை. முடக்குவாதச் சோதனைகளில் அயர்ச்சியையும் அளக்க வேண்டும் என 2006ஆம் ஆண்டுக் கூட்டம் ஒப்புக்கொண்டது. நோயாளி தம் அனுபவத்தைச் சொன்னதோடு நிற்காமல் ஆய்வின் அளவுகோலையே மாற்றிய இடம் இதுதான். நான் திருப்பம் என்பது இதையே.

பலமுறை பெயர் மாறி வந்த பழைய கவுன்சில், ஆர்த்ரைட்டிஸ் ரிசர்ச் யூகே என்ற பெயரில் 2017 நவம்பரில் ஆர்த்ரைட்டிஸ் கேருடன் இணைந்தது. மறு ஆண்டு வெர்சஸ் ஆர்த்ரைட்டிஸ் ஆனது. ஆய்வுக்குப் பணம் கேட்டு வரும் விண்ணப்பங்களை இப்போது அறிவியலாளர்களோடு மூட்டுவாதக்காரர்களும் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். அப்படிப் படிக்க நேரமும் ஆங்கிலத் தேர்ச்சியும் அலுவலக மொழிப் பழக்கமும் வேண்டும். அவை இல்லாத நோயாளிக்கு அந்த மேசையில் இன்னும் இடம் அரிது.