நத்தையைத் தின்ன ஒரு நத்தை

தொட்டியில் வைத்த கீரையை நத்தை தின்கிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ஆளுக்கு ஒரு வைத்தியம் வரும். உப்புத் தூவு, முட்டை ஓட்டை நொறுக்கிப் போடு, சாம்பல் கொட்டு, செம்புப் பட்டை ஒட்டு. இதில் எது உண்மையில் வேலை செய்கிறது என்று பார்க்கலாமே என்றுதான் படிக்க ஆரம்பித்தேன். படித்துப் போன வழி கல்கத்தா, ஹவாய், டஹிட்டி என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்கத்தாவுக்கு வந்த விருந்தாளி

மழைக்காலத்தில் நம் பக்கம் சுவரேறும் பெரிய பழுப்பு நத்தையைப் பார்த்திருப்பீர்கள். ஓடு கூம்பு மாதிரி நீண்டு, கோடு கோடாக இருக்கும். நன்றாக வளர்ந்தது ஓர் ஆளின் உள்ளங்கையை நிரப்பும். இது நம் ஊர் உயிரினம் அல்ல. கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை இதன் தாயகம். அங்கிருந்து மடகாஸ்கர், மொரீஷியஸ் என்று மனிதர்களோடு தீவு தீவாக நகர்ந்தது.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் யார் என்று தேடினால் கிடைக்கும் பெயர் ஆச்சரியமானது. வில்லியம் ஹென்றி பென்சன். வங்காளத்தில் வேலை பார்த்த ஆங்கிலேய அதிகாரி, இந்திய நில நத்தைகள் பலவற்றுக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் சூட்டியவர். அதாவது, நத்தை என்றால் என்னவென்று அன்றைக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சிலரில் ஒருவர். 1847-ல் மொரீஷியஸிலிருந்து இவர் கொண்டுவந்த சில நத்தைகள் கல்கத்தாவின் சௌரங்கிப் பகுதியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. 1900 வாக்கில் இது இலங்கையிலும் இருந்தது. பிறகு மலாயா, சிங்கப்பூர், தைவான். 1936-ல் ஹவாய்.

இவ்வளவு வேகம் எப்படி? ஒவ்வொரு நத்தையிலும் ஆண், பெண் இரண்டு உறுப்புகளும் உண்டு. ஒருமுறை இணை சேர்ந்தால் விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு பல மாதம் முட்டையிடும், அதுவும் ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில். வெயில் காலம் வந்தால் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு தூங்கிவிடும். மரக்கட்டை, நாற்றுத் தொட்டி, லாரிச் சரக்கு எதில் ஒட்டியிருந்தாலும் ஊர் மாறலாம்.

இதன் கணக்குப் புரிய ஓர் உதாரணம் போதும். 1966-ல் ஹவாயிலிருந்து மயாமி திரும்பிய ஒரு சிறுவன் மூன்று நத்தைகளைக் கொண்டுவந்தான். பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். ஏழு ஆண்டுகளில் 18,000-க்கும் மேல் நத்தைகள் பிடிபட்டன. ஒழித்து முடிக்க ஃப்ளோரிடா மாநிலத்துக்குப் பத்து லட்சம் டாலர் ஆனது.

ஹவாயின் தீர்வு

இனிமேல்தான் கதையின் முக்கியமான பகுதி. ஹவாயில் இந்த நத்தை தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தபோது, அதிகாரிகளுக்கு ஒரு யோசனை. நத்தையைத் தின்னும் நத்தை ஒன்று இருந்தால்? இருக்கிறது. அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழும் யூக்லாண்டினா ரோசியா. மற்ற நத்தைகள் விட்டுச்செல்லும் பிசுபிசுப்பான தடத்தைப் பிடித்துக்கொண்டே போய்ப் பிடித்துத் தின்னும். பேசாமல் அதைக் கொண்டுவந்துவிட வேண்டியதுதான் என்று முடிவாகி, 1955-ல் ஹவாயில் விட்டார்கள்.

தோட்டத்துக்கு விஷம் வேண்டாம், செலவு இல்லை, இயற்கையே பார்த்துக்கொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யூக்லாண்டினாவுக்கு யாரும் பட்டியல் கொடுக்கவில்லை. உள்ளங்கை அளவு ஆப்பிரிக்க நத்தையோடு மல்லுக்கட்டுவதைவிட, சின்ன நத்தையைத் தின்பது அதற்குச் சுலபம். ஹவாய்க் காடுகளில் அப்படிப்பட்ட சின்ன மர நத்தைகள் நிறைய இருந்தன. அக்காட்டினெல்லா என்ற இனம் அதில் ஒன்று. இது பயிரைத் தின்பதில்லை, இலை மேல் படியும் பூஞ்சையைச் சுரண்டித் தின்னும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு குட்டி போடும். அது வளர்ந்து இனம் பெருக்கவே சில வருஷம் ஆகும். நூற்றுக்கணக்கில் முட்டையிடும் ஆப்பிரிக்க நத்தை இழப்பைத் தாங்கும். இது தாங்காது.

எலிகளும் காடழிப்பும் ஏற்கெனவே இவற்றைக் குறைத்திருந்தன. யூக்லாண்டினா மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. அக்காட்டினெல்லா அபெக்ஸ்ஃபுல்வா என்ற வகையில் கடைசியாக ஒரே ஒரு நத்தை ஆய்வுக்கூடத்தில் மிஞ்சியது. ஜார்ஜ் என்று பெயர் வைத்திருந்தார்கள். 2019 ஜனவரி 1 அன்று, சுமார் 14 வயதில், அது செத்துப்போனது. அந்த வகையே அதோடு முடிந்தது.

தெரிந்தே இன்னொரு முறை

ஹவாயில் நடந்ததாவது முதல் முயற்சி என்று விட்டுவிடலாம். என்னால் விட முடியாதது டஹிட்டி. அங்கே ஆப்பிரிக்க நத்தை 1967-ல் நுழைந்தது. 1974-ல் அதே யூக்லாண்டினாவை அங்கேயும் விட்டார்கள். 1977-ல் பக்கத்துத் தீவான மூரேயாவில். ஹவாயில் என்ன ஆயிற்று என்று பார்க்க இருபது வருஷம் கிடைத்திருந்தது.

மூரேயாவில் பார்ட்டுலா என்ற சிறு மர நத்தையில் ஏழு வகை இருந்தன. பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு நிறமும் சுருளும் மாறும். பரிணாமம் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஹென்றி க்ராம்ப்டன் என்ற அறிஞர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த நத்தைகளுக்குக் கொடுத்தார். பத்தே வருஷம். 1987-க்குள் மூரேயாவின் காடுகளில் பார்ட்டுலாக்கள் அநேகமாக முழுக்க அழிந்துவிட்டன.

என் தொழிலில், பின்வாங்க வழி இல்லாமல் ஒரு மாற்றத்தை நேரடியாகப் பயன்பாட்டுக்கு அனுப்ப விடமாட்டார்கள். ரோல்பேக் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒரு தீவில் விட்ட நத்தைக்கு ரோல்பேக் கிடையாது.

ஒரே ஆறுதல், சில ஆராய்ச்சியாளர்கள் கடைசி நேரத்தில் ஒரு சில பார்ட்டுலாக்களைச் சேகரித்து விலங்குக்காட்சிச் சாலைகளுக்கு அனுப்பியிருந்தார்கள். அவற்றின் சந்ததிகளை 2015 முதல் மறுபடி தீவுகளில் விடுகிறார்கள். மூரேயாவின் பார்ட்டுலா டோஹிவியானா இப்போது காட்டிலேயே பெருகத் தொடங்கியிருக்கிறது.

சரி, கீரைக்கு என்ன செய்வது?

விஷம் என்றால் மெட்டால்டிஹைடு. அடுப்பெரிக்கும் திட எரிபொருளாக இருந்தது, 1930-களில் நத்தைக் கொல்லி ஆனது. நாய் தின்றால் நாயும் சாகும். பிரிட்டனில் 2022 மார்ச் இறுதியோடு திறந்த வெளியில் தடை செய்துவிட்டார்கள்.

வேலி வைத்தியங்களை பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2018-ல் சோதித்துப் பார்த்தது. 108 லெட்டூஸ் கீரைச் செடிகள். செம்புப் பட்டை, கூர்மையான சரளை, பைன் மரப்பட்டை, கம்பளி உருண்டை, முட்டை ஓடு ஐந்துமே தேறவில்லை. வேலி உள்ள செடிக்கும் இல்லாத செடிக்கும் சேதம் ஒன்றுதான். உப்பு நத்தையைக் கொல்லும், ஆனால் மண்ணையும் கெடுக்கும்.

மிஞ்சுவது என்ன என்றால், ரொம்பப் பழைய வழிதான். இருட்டிய பிறகு டார்ச்சோடு போய்க் கையால் பொறுக்குவது. ஈரச் சாக்கின் அடியில் பப்பாளி இலை அல்லது முட்டைக்கோஸ் இலை வைத்தால், காலையில் அங்கே வந்து பதுங்கியிருக்கும். தண்ணீரை மாலையில் ஊற்றாமல் காலையில் ஊற்றுங்கள், ராத்திரி மண் காய்ந்திருக்கும். கல், ஓடு, மட்டை என்று ஒளிய இடம் கொடுக்காதீர்கள். மண்ணில் முட்டை தெரிந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பொறுக்கியது வீண்.

வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு, தன் குஞ்சுப் பருவத்தை நத்தைக்குள் கழிக்கிறது. 1935-ல் சீனாவின் கான்டன் நகரத்து எலிகளில் அதைக் கண்டுபிடித்தார்கள். 1945-ல் தைவானில் ஒரு மனிதருக்குள் கண்டார்கள். மனித உடலுக்குள் போனால் மூளை உறையில் அழற்சி உண்டாக்கும். அதனால் கையுறை போடுங்கள், கீரையை ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவுங்கள், நன்றாக வேகவையுங்கள்.

பொறுக்குவது சலிப்பான வேலைதான், தினமும் செய்ய வேண்டும். ஆனால் ஃப்ளோரிடா ஜெயித்ததும் தோட்டம் தோட்டமாகத் தேடித்தான். இந்த வேலையில் தப்பு நடந்தாலும் நஷ்டம் நாலு கீரைச் செடியோடு நின்றுவிடும். நாளை யாராவது "நத்தைக்கு ஒரு பூச்சி கொண்டுவந்து விட்டால் போதும்" என்று சொன்னால், அந்தப் பூச்சி அப்புறம் எதைத் தின்னும் என்று கேளுங்கள்.