முகமூடியும் மெழுகுதிரியும்

அக்டோபர் 31 மாலையில் பேய்முகமூடி அணிவதும் பூசணிக்காயைக் குடைந்து விளக்கேற்றுவதும் நம் நகரங்களிலும் நுழைந்துவிட்டன. கத்தோலிக்கர் இதைக் கொண்டாடலாமா? வரலாற்றைக் கேட்போம்.

'ஹாலோவீன்' என்பதன் பொருளே அனைத்துப் புனிதர் பெருவிழாவுக்கு முந்திய மாலை என்பதுதான். நவம்பர் 1-இல் அவ்விழாவைக் கொண்டாடும் வழக்கம் 835-ஆம் ஆண்டளவில், திருத்தந்தை நான்காம் கிரகோரியின் காலத்தில் மேலைத் திருச்சபையில் பரவியது. மறுநாள் இறந்தோரை நினைவுகூரும் வழக்கத்தைக் கி.பி. 1000-ஐ ஒட்டிக் குளூனி மடத்து அதிபர் புனித ஓதிலோ தம் மடங்களில் ஏற்படுத்தினார். அயர்லாந்தினர் டர்னிப் கிழங்கில் ஏற்றிய விளக்கு 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பூசணி விளக்காயிற்று. பெயர் நம்முடையது, செபம் மட்டும் வழியில் உதிர்ந்துவிட்டது.

நம் மண்ணின் கதை வேறு. 1704-இல், இன்று நம் உயர்மறைமாவட்டத்தின் தலைமையிடமான புதுவையில், திருத்தந்தையின் தூதர் தூர்னோன் ஓர் ஆணை பிறப்பித்தார். திருமணத்தில் தேங்காய் உடைப்பதுகூட அதில் விலக்கப்பட்டது. 1744-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் அத்தடைகளை உறுதிசெய்தார். அவற்றைக் காப்பதாக மறைபரப்பாளர் எடுத்துவந்த உறுதிமொழி 1940-இல்தான் நீங்கிற்று. உள்ளூர் வழக்கங்கள் இத்தனை கடுமையாகச் சோதிக்கப்பட்டிருக்க, கடல் கடந்து வந்த வேடிக்கையைச் சோதிக்காமலே ஏற்பது முறையாகுமா?

சோதனை எளிது: இது இறந்தோருக்காகச் செபிக்க நமக்குக் கற்பிக்கிறதா?

பெண்ணாடத்தில் நாம் நவம்பர் 2 அன்று கல்லறைக்குச் செல்கிறோம். வெள்ளையடித்த கல்லறையில் மாலையிட்டு மெழுகுதிரி ஏற்றுகையில், பேரப்பிள்ளை தாத்தாவின் பெயரைக் கல்லில் எழுத்துக்கூட்டி வாசிக்கிறது. முகமூடி சாவை விளையாட்டாக்குகிறது. மெழுகுதிரியோ உயிர்ப்பை நினைவூட்டுகிறது.

பிள்ளைகளின் விளையாட்டைப் பழிக்கவேண்டாம். அம்மாலையைப் புனிதரின் கதைகளாலும் விழிப்புச் செபத்தாலும் நிரப்புவோம். இழந்த பொருளை மீட்பது கொண்டாட்டத்திற்குப் பகையன்று.