மாற்றுச்சாவியும் கள்ளச்சாவியும்

தமிழில் இரண்டாவது சாவிக்கு இரண்டு பெயர்கள் உண்டு. சொந்தக்காரர் செய்து வைத்தால் அது மாற்றுச்சாவி. திருடன் செய்து வைத்தால் அது கள்ளச்சாவி. இரண்டும் ஒரே இரும்பு, ஒரே பற்கள், திறப்பதும் ஒரே பூட்டு. ஆனால் பூட்டுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதைப் பூட்டுக்குக் கற்றுக்கொடுக்க மனிதன் பாடுபட்ட கதைதான் இன்று கார் சாவிக்குள் ஒரு சின்னச் சிப்பாக உட்கார்ந்திருக்கிறது.

நெல்லுக்கு முத்திரை

தஞ்சை மண்ணில் காவல் காக்க வேண்டிய பெரிய செல்வம் நெல்தான். பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. 3000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். களஞ்சியத்துக்குள் போன நெல்லுக்குக் கதவு உண்டு. ஆனால் அறுத்து அடித்துக் களத்திலே குவித்த நெல்லை, அளந்து பங்கு பிரிக்கும் வரை எதற்குள் வைத்துப் பூட்டுவது?

அதற்கு ஓர் எளிய வழி இருந்தது. குவியலின் மேல் ஈர மண்ணையோ சாணத்தையோ வைத்து, மரத்தில் செதுக்கிய முத்திரையை அழுத்திவிடுவார்கள். யாராவது நெல்லை உருவினால் குவியல் சரியும், குறி கலையும். முத்திரை திருட்டைத் தடுக்காது. ஆனால் திருட்டு நடந்ததைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பூட்டு அடுத்த படி. அது காட்டிக் கொடுப்பதோடு நிற்காமல் தடுக்கவும் செய்யும். தமிழகத்தில் பூட்டு என்றாலே நினைவுக்கு வருவது திண்டுக்கல்தான். மாங்காய் வடிவில் இருக்கும் மாங்காய்ப் பூட்டு, சாவியைத் திருப்பும்போது மணி அடிக்கும் மணிப்பூட்டு என்று அங்கே பல வகைகள் உண்டு. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உள்ளே இருக்கும் லீவர் தகடுகளை ஆசாரி கையால் ராவி, அந்தப் பூட்டுக்கென்றே சாவி செய்வார். அதனால் இரண்டாவது சாவி வேண்டும் என்றால் செய்தவரிடமோ, அவரைப் போலக் கை தேர்ந்த ஒருவரிடமோதான் போக வேண்டும். பூட்டின் பாதுகாப்பு பாதி இரும்பில் இருந்தது. மீதி அந்த ஆசாரியின் மேல் வைத்த நம்பிக்கையில் இருந்தது.

1851: லண்டனில் ஒரு சவால்

பூட்டு செய்பவர்களின் நம்பிக்கையை ஆட்டிப் பார்த்தவர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வந்தவர், திறக்கவே முடியாது என்று பெயர் பெற்ற சப் பூட்டை அரை மணி நேரத்துக்குள் திறந்து காட்டினார். பிரமா என்ற பூட்டைத் திறந்தால் 200 கினி பரிசு என்று அந்தக் கடை பல ஆண்டுகளாக அறிவித்து வைத்திருந்தது. அதையும் 16 நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்துவிட்டார்!

பூட்டின் குறையை ஊருக்கெல்லாம் சொல்லலாமா, திருடர்களுக்கு இது பாடம் ஆகாதா என்று பலர் கோபப்பட்டார்கள். திருடனுக்கு இது ஏற்கெனவே தெரியும், தெரியாமல் இருப்பது வீட்டுக்காரருக்குத்தான் என்பது ஹாப்ஸின் பதில். இந்த வாதத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 162 ஆண்டுகள் கழித்து அதே லண்டனில் இது திரும்பவும் வரப்போகிறது.

கார் வந்தது

தொடக்க காலக் கார்களை முன்னால் நின்று இரும்புக் கம்பியால் சுற்றித்தான் கிளப்பினார்கள். சாவியைத் திருப்பினால் எஞ்சின் கிளம்பும் வசதியை 1949-ல் கிறைஸ்லர் நிறுவனம் கொண்டு வந்தது. வசதி திருடனுக்கும் சேர்த்துத்தான். பற்களை நகல் எடுத்தால் போதும். அதுகூட வேண்டாம், டாஷ்போர்டுக்குக் கீழே இரண்டு வயரை இணைத்தாலே வண்டி ஓடும். மண் அள்ளும் இயந்திரங்களில் நிலைமை இன்னும் மோசம். பல ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்ட வசதியாக, ஒரு நிறுவனத்தின் பல வண்டிகளுக்கு ஒரே சாவியைக் கொடுக்கும் வழக்கம் உலகம் முழுவதும் இருந்து வருகிறது.

இதற்கு மாற்றாக, வண்டியை நகர விடாமல் செய்யும் கருவிதான் இம்மொபிலைசர். இந்த எண்ணம் புதியது அல்ல. 1919-லேயே செயின்ட் ஜார்ஜ் எவன்ஸ், எட்வர்ட் பிர்கென்பியூல் என்ற இருவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். காருக்குள் மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது சுவிட்சுகள். சரியாக அமைத்தால் எஞ்சின் ஓடும், தவறினால் ஹாரன் அலறும்.

1986-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்வெட் காரின் சாவியில் ஒரு சின்ன மின்தடையைப் பதித்தது. பற்கள் பொருந்தினால் மட்டும் போதாது, மின்தடையின் அளவும் பொருந்த வேண்டும். ஆனால் மொத்தம் 15 அளவுகள்தான் இருந்தன. பதினைந்தையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கப் பொறுமையுள்ள திருடனுக்கு அதிக நேரம் ஆகாது.

சாவியிடம் கேள்வி கேட்கும் கார்

1990களில்தான் உண்மையான மாற்றம் வந்தது. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கும். சாவியை நுழைத்துத் திருப்பியதும், அந்தச் சுருளின் காந்தப்புலத்திலிருந்தே சாவிக்குள் இருக்கும் சிப் மின்சாரம் பெற்று விழித்துக்கொள்ளும். கார் ஓர் எண்ணைக் கொடுத்துக் கேள்வி கேட்கும். சிப் தன்னிடம் உள்ள ரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு விடை சொல்லும். விடை சரியாக இருந்தால்தான் எஞ்சின் தொடர்ந்து ஓடும். கேள்வி ஒவ்வொரு முறையும் மாறுவதால், பழைய விடையை ஒட்டுக் கேட்டு வைத்துக்கொண்டு பயனில்லை.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கதவைத் திறக்கும் ரிமோட் பட்டன் வேறு, இந்தச் சிப் வேறு. இரண்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்தாலும் ரிமோட்டுக்குத்தான் பேட்டரி தேவை. பேட்டரி தீர்ந்தாலும் சாவியைப் போட்டுத் திருப்பினால் வண்டி கிளம்புவது இதனால்தான்.

1998 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லாப் புதிய கார்களுக்கும் இம்மொபிலைசர் கட்டாயம் ஆனது. ஆஸ்திரேலியா 2001-லும் கனடா 2007-லும் இதே சட்டத்தைக் கொண்டு வந்தன. இந்தியாவில் மாருதி இதை ஐகேட்ஸ் என்ற பெயரில் தன் கார்களில் பொருத்தியது. பலன் கிடைத்ததா? நெதர்லாந்தின் 1995 முதல் 2008 வரையிலான கணக்கை ஆராய்ந்த வான் அவர்ஸ், வோலார்ட் என்ற பொருளியலாளர்கள், கார் திருட்டு சராசரியாக 40 சதவீதம் குறைந்தது என்று கண்டார்கள்.

எதிர் உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் இப்படி ஒரு சட்டம் இல்லை. அங்கே விற்ற 2015-ஆம் ஆண்டு மாடல்களில், மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 சதவீதத்தில் இம்மொபிலைசர் இருக்க, ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்தில்தான் இருந்தது. 2021-22-ல் அந்தக் கார்களை ஒரு யுஎஸ்பி கேபிளின் முனையை வைத்தே கிளப்பலாம் என்று வீடியோக்கள் பரவின. ஊர் ஊராகத் திருட்டுப் பெருகியது.

மூடி வைத்த ரகசியம்

அப்படியானால் சிப் தோற்கவே இல்லையா? தோற்றது. 2005-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ஃபோர்டு கார்களில் இருந்த டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்பின் ரகசியத்தை உடைத்தார்கள். அதன் சாவி எண் 40 பிட் நீளம்தான். 2012-ல் மெகாமோஸ் என்ற இன்னொரு சிப்பின் குறைகளை மூன்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2013-ல் அதை வெளியிட இருந்தபோது ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. கட்டுரை 2015-ல்தான் வெளிவந்தது. 1851-ல் ஹாப்ஸ் கேட்ட அதே கேள்வி! குறையை மூடி வைத்தால் யாருக்கு லாபம்?

1883-லேயே ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்பவர் இதற்கு விதி சொல்லிவிட்டார். பூட்டின் அமைப்பு எதிரியின் கையில் கிடைத்தாலும் பூட்டு தாங்க வேண்டும். ரகசியம் சாவியில் மட்டும்தான் இருக்க வேண்டும். உடைந்த இரண்டு சிப்புகளும் தங்கள் கணக்கு முறையையே ரகசியம் என்று நம்பி இருந்தவை.

யார் கையில் இரண்டாவது சாவி?

தஞ்சாவூரில் பஸ் ஸ்டாண்ட் ஓரம் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர் பீரோ சாவியைப் பத்து நிமிடத்தில் ராவிக் கொடுத்துவிடுவார். கார் சாவியின் பற்களையும் வெட்டிவிடலாம். அந்தச் சாவி கதவைத் திறக்கும். எஞ்சின் ஒரு நொடி உறுமி அடங்கிவிடும், டாஷ்போர்டில் சாவி படம் மின்னும். புதிய சிப்பைக் காரின் நினைவில் பதிய வைத்தால்தான் அது சாவி ஆகும். சில கார்களில் ஏற்கெனவே பதிந்த இரண்டு சாவிகளை அடுத்தடுத்துப் போட்டு எடுத்துவிட்டு மூன்றாவதைப் போட்டால் பதிந்துவிடும். மற்றவற்றில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் கருவியை மாட்டி, ரகசிய எண்ணைக் கொடுக்க வேண்டும்.

மாற்றுச்சாவியையும் கள்ளச்சாவியையும் கார் பிரித்து அறிவது இப்படித்தான்: "உன்னை அறிமுகப்படுத்த ஆள் இருக்கிறதா?" ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சாவி கைகாட்டினால் புதியவன் உள்ளே வரலாம். எல்லாச் சாவியும் தொலைந்தால் கைகாட்ட ஆளில்லை. அப்போது சொந்தக்காரரும் திருடனும் காரின் கண்ணுக்கு ஒன்றுதான். வண்டியின் காகிதங்களையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் வாசலில் நின்று, தானே சொந்தக்காரர் என்று நிரூபிக்க வேண்டும். சில வண்டிகளில் கணிப்பொறிப் பெட்டியையே மாற்ற வேண்டியும் வரலாம்.

அந்தக் காலத்தில் ஆசாரியின் மேல் வைத்த நம்பிக்கை இன்று நிறுவனத்தின் கணிப்பொறிக்கு மாறியிருக்கிறது. பாதுகாப்பு கூடியது உண்மை. தன் பொருளுக்குத் தானே சாவி செய்துகொள்ளும் உரிமை குறைந்ததும் உண்மை.

ஆகவே வீட்டில் ஒரே ஒரு கார் சாவி இருந்தால், அது தொலைவதற்கு முன்பே இரண்டாவதைப் பதிந்து வைத்துவிட வேண்டும். ஒன்று தொலைந்துபோனால் அதைக் காரின் நினைவிலிருந்து அழிக்கச் சொல்ல வேண்டும். அப்போதும் அதன் பற்கள் கதவைத் திறக்கும் என்பதை மறக்கக் கூடாது. முத்திரை கலையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை, களத்து மேட்டில் இருந்ததைப் போலவே, இன்றும் சொந்தக்காரருடையதுதான்.