சென்னை மேற்குப் புறநகர்: வீட்டுமனைச் சந்தையும் உயர்தர வணிகமும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகியவற்றை உள்ளடக்கிய சென்னையின் மேற்குப் புறநகர், தகவல் தொழில்நுட்பத்தால் வளர்ந்த பழைய மாமல்லபுரம் சாலைப் பகுதியைப் போலன்றி, ஆலைகளைச் சுற்றி உருவான குடியிருப்புப் பகுதியாகும். 1961இல் ஆவடியில் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையும் 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஈர்த்த தொழிலாளர் குடும்பங்கள் தனிமனை வாங்கிச் சிறுகச் சிறுக வீடு கட்டியதால், இங்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் காலம் தாழ்ந்தே பெருகின. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்ததும், ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானதும், கலங்கரை விளக்கம் முதல் பூவிருந்தவல்லி வரையிலான மெட்ரோ வழித்தடமும் நிலத்தின் மீதான எதிர்பார்ப்பை உயர்த்தின.

பத்திரப்பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்ச விலையான வழிகாட்டி மதிப்பைவிட இங்கு முதன்மையாகக் கவனிக்க வேண்டியது நீர்ப்பிடிப்பு நிலமாகும். செங்குன்றம் ஏரிக்கு நீர் வரும் பரப்பில் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதை அறியாமல் மனை வாங்கும் எளிய குடும்பமே பெரும் இழப்புக்கு உள்ளாகிறது.

வணிகத்தைப் பொறுத்தவரை, பன்னாட்டு நிறுவனங்களின் விலையுயர்ந்த பொருள்களை விற்கும் உயர்தர வணிகம் வேளச்சேரியின் பலேடியம் போன்ற வளாகங்களிலேயே குவிந்துள்ளது. மேற்கில் அதற்கு ஓரளவு நிகரானது, 2018இல் அண்ணாநகர் திருமங்கலத்தில் திறக்கப்பட்ட வி.ஆர். சென்னை வளாகமாகும். ஆனால் அம்பத்தூரை அடுத்த பாடியில் மக்கள் பெரிதும் நாடுவது இன்றும் துணி, நகை, பாத்திரம் அனைத்தையும் ஒரே கூரையின்கீழ் விற்கும் பல்பொருள் பேரங்காடிகளையே.