பொஸ்டன் நகரத்து ஓவியர்



1766ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்து ஓவியக் கண்காட்சியொன்றிலே, அங்கு எவரும் அறிந்திராத ஒருவரின் சித்திரம் வைக்கப்பட்டது. மேசையருகே ஒரு சிறுவன். அவன் விரல்களிலே மெல்லிய பொற்சங்கிலி. அதன் மறுமுனையில், கொட்டையைக் கொறிக்கும் பறக்கும் அணில். அணில் அமெரிக்கக் காட்டுக்குரியது. தீட்டியவரும் அந்நாட்டவரே. 1738இல் பிறந்த ஜோன் சிங்கிள்டன் கொப்லி என்பது அவர் பெயர். சிறுவன் அவருடைய தம்பி.

அந்நாளில் பிரித்தானியாவின் அமெரிக்கக் குடியேற்றங்களிலே ஓவியக் கல்லூரி இல்லை, அரசவை இல்லை, பொஸ்டன் நகரத்துத் தூய்மைவாதிகளின் தேவாலயங்கள் சித்திரங்களை விரும்பியதுமில்லை. மக்கள் வேண்டியது தம் உருவப்படம் ஒன்றையே. கொப்லியின் மாற்றாந்தந்தையார் செப்புத்தகட்டில் படம் செதுக்குபவர். அத்தகைய படங்களில் கறுப்பும் வெளுப்புமன்றி வேறு நிறமில்லை. அவ்வாறாயின் கொப்லி நிறத்தை எங்கே கற்றார்? பட்டாடையையும் மெருகேற்றிய மேசையையும் மனித முகத்தையும் உற்று நோக்கியே பெரிதும் கற்றார் எனலாம்.

இலண்டனிலே பேரோவியர் றெனோல்ட்ஸ் அச்சித்திரத்தைப் பாராட்டினார். ஆயினும், சிற்றூர்ப் பழக்கம் கையில் ஊறிவிடுமுன் ஐரோப்பாவுக்கு வருமாறு சொல்லியனுப்பினார். கோடுகள் மிகக் கூர்மையாயுள்ளன என்றார் பெஞ்சமின் வெஸ்ற். அவரும் அமெரிக்காவிற் பிறந்தவரே.

கொப்லி தயங்கினார். பொஸ்டனில் வருவாய்க்குக் குறைவில்லை, மதிப்புத்தான் இல்லை. தச்சுவேலை, தையல்வேலை போன்ற ஒரு தொழிலாகவே ஓவியத்தை இங்குள்ளோர் கருதுகின்றனர் என்று கடிதமொன்றில் மனம் நொந்து எழுதினார். வியப்பென்னவெனில், 1768இல் போல் றிவியர் என்னும் வெள்ளிக் கொல்லரை வரைந்தவரும் அவரே. மேலங்கியில்லை, வெறுஞ்சட்டை. ஒரு கையில் வெள்ளித் தேநீர்க் கெண்டி, மறுகை தாடையில், முன்னே செதுக்குக் கருவிகள். கைத்தொழிலை இத்துணைக் கண்ணியத்தோடு காட்டிய படங்கள் அக்காலத்தில் அரியன.

1773 டிசம்பரில் பொஸ்டன் துறைமுகத்திலே தேயிலைப் பெட்டிகள் கடலில் வீசப்பட்டன. அத்தேயிலையைப் பெறவிருந்த வணிகருள் ஒருவர் கொப்லியின் மாமனார். இரு தரத்தாரிடையேயும் தூது சென்ற ஓவியரின் முயற்சி பலிக்கவில்லை. 1774இல் அவர் கப்பலேறினார். இலண்டனிலே புகழ் வந்தது. 1779இல் அரச கலைக்கழகத்தின் முழு உறுப்பினருமானார். அங்கு தீட்டிய வரலாற்றுச் சித்திரங்கள் மிகப் பெரியன. எனினும் பொஸ்டன் முகங்களிலே கண்ட உறுதி அவற்றில் தளர்ந்துவிட்டதென்றே எனக்குத் தோன்றுகிறது.

1815இல் இலண்டனிலேயே காலமானார், தாயகம் திரும்பவேயில்லை. அணிலோடிருக்கும் சிறுவனும் வெள்ளிக் கொல்லரும் இன்று பொஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலையில் உள்ளனர்.